ஆச்சி விழுந்தார், இடுப்பு உடைந்தது: எலும்பு மெலிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். அம்பை, முக்கூடல், களக்காடு, ராதாபுரம் பக்கமிருந்து வருகிறவர்கள் எலும்பு மெலிவு பற்றிக் கேட்கும் கேள்விகளும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் இளம் டாக்டர்கள் போனில் கேட்கும் கேள்விகளும் இங்கே கலந்தே இருக்கின்றன. பிரிக்காமல் வைத்திருப்பது வேண்டுமென்றேதான். டாக்டர் என்ன யோசிக்க வேண்டும் என்பது வீட்டிலிருப்பவர்களுக்கும் தெரிந்தால் தைரியமாகக் கேட்பார்கள். எலும்பு மெலிவு என்று நான் சொல்வது ஆஸ்டியோபோரோசிஸ் நோயை.

கால் தடுக்கி விழுந்தால் யாருக்கும்தான் எலும்பு உடையும். இதை ஏன் தனியாக ஒரு நோய் என்கிறீர்கள்?

யாருக்கும் உடைந்துவிடாது. பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவருக்கும் பனையிலிருந்து விழுந்தவருக்கும் உடைவது வேறு விஷயம். நின்ற இடத்தில் சரிந்து விழுந்தோ, கட்டிலை விட்டு இறங்கும்போது தடுமாறியோ ஒரு எலும்பு உடைந்தால், அது முன்பே பலம் இழந்திருக்கிறது.

பழைய எலும்பு கரைவதும் புது எலும்பு உருவாவதும் ஆயுள் முழுக்க நடக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கரைவது வேகமெடுக்கும், உருவாவது அதற்கு ஈடுகொடுக்காது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. பலருக்கு முதல் அறிகுறியே முறிவுதான். மணிக்கட்டு, தோளுக்குக் கீழே உள்ள மேற்கை எலும்பு, முதுகெலும்பு, இடுப்பு ஆகியவைதான் அதிகம் உடையும் இடங்கள். 50 வயதுக்கு மேல் சாதாரணமாக விழுந்ததிலேயே இடுப்போ முதுகெலும்போ உடைந்திருந்தால், புற்றுநோய் போன்ற வேறு காரணம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஸ்கேனுக்குக் காத்திருக்காமலேயே எலும்பு மெலிவு என்று சொல்லிவிடலாம்.

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்து பிளேட் வைத்துவிட்டார்கள். நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். இன்னும் என்ன பாக்கி?

பாதி வேலை பாக்கி. உடைந்த எலும்பைச் சேர்த்தாயிற்று. அது ஏன் உடைந்தது என்று யாராவது பார்த்தார்களா? டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். வலி மாத்திரை, வயிற்றுப்புண் மாத்திரை, கால்சியம், தையல் பிரிக்கும் தேதி, இவ்வளவும் இருக்கும். எலும்பு மெலிவுக்கான மருந்து பெரும்பாலும் இருக்காது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இப்படி எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு, அடுத்த முறிவைத் தடுக்கும் சிகிச்சை கிடைப்பதில்லை என்று சர்வதேச எலும்பு மெலிவு அமைப்பு பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. எலும்பு டாக்டர், "மருந்து மாத்திரை எல்லாம் அவங்க குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்வார்" என்று நினைக்கிறார். குடும்ப டாக்டர், "எலும்பு சமாச்சாரம், எலும்பு டாக்டர் எழுதியிருப்பார்" என்று நினைக்கிறார். நடுவில் ஆச்சி கால்சியம் மாத்திரையோடு வீட்டில் இருக்கிறார். ஒரு முறை உடைந்தவருக்கு இன்னொரு எலும்பு உடையும் ஆபத்து அடுத்த ஒன்றிரண்டு வருடங்களில்தான் மிக அதிகம்.

என் கருத்தில் இந்த மருந்தைத் தொடங்க வேண்டியவர் வீட்டுக்குப் பக்கத்து டாக்டர்தான். அவருக்குத்தான் அந்த வீடு தெரியும், சர்க்கரை மாத்திரை தெரியும், கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரியும், அடுத்த மாதமும் அவர் முகத்தைத்தான் ஆச்சி பார்க்கப் போகிறார். 2007ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இடுப்பு எலும்பு அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் சோலெட்ரானிக் ஆசிட் என்ற ஊசியை வருடத்துக்கு ஒரு முறை எனப் போட ஆரம்பித்தவர்களில் அடுத்த முறிவுகளும் குறைந்தன, இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. இடுப்பு உடைந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், இது விட்டுவிடக் கூடிய காரியம் இல்லை.

டாக்டர்களே ஏன் இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள்?

கோபமாகக் கேட்கிறார்கள், நியாயமான கோபம். மருத்துவக் கல்லூரியில் இந்த நோய் எலும்புப் பிரிவில் கொஞ்சம், பொது மருத்துவத்தில் கொஞ்சம், மகளிர் பிரிவில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. யாருடைய நோய் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி மேஜை மேலேயே இருக்கிறது, சர்க்கரைக்கு விரலில் குத்தினால் எண் வருகிறது. எலும்பு மெலிவுக்கு அப்படி ஒரு எண் கையில் கிடைப்பதில்லை. கால்சியம் எழுதிக் கொடுத்ததும் சிகிச்சை கொடுத்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. பக்கவிளைவு பயம் வேறு. அக்கறை இல்லாத டாக்டர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இது தன் வேலை என்று நினைக்காத டாக்டர்களைத்தான் பார்க்கிறேன்.

வயசானால் கூன் விழத்தானே செய்யும்?

கூன் விழுந்த எல்லோருக்கும் காரணம் வயது இல்லை. முதுகெலும்பின் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்குவதால் வரும் கூனும் உண்டு. விழாமலேயே நசுங்கும். குடத்தைத் தூக்கும்போது, பஸ் மேட்டில் ஏறி இறங்கும்போது, பலமாக இருமும்போதுகூட நடக்கும். இப்படிப்பட்ட முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்று யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. "முதுகுப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்து, வலி குறைந்ததும் மறந்துவிடுவார்கள்.

முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி மகளோடு வந்தார். பீடி சுற்றுகிறவர். வந்தது இருமலுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சேர்ந்து நிற்கச் சொன்னேன். குதிகால் சுவரைத் தொட்டது, முதுகு தொட்டது, தலை மட்டும் ஒரு சாண் முன்னால் நின்றது. "தலையைச் சுவத்துல சாய்ங்க ஆச்சி" என்றால், "இம்புட்டுதான் வருது ய்யா" என்கிறார். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழைந்தது. மகளிடம் கேட்டதற்கு, "அம்மா முன்னாடி என்னைவிட உயரம், இப்ப என் காதுக்குத்தான் வாராங்க" என்றார். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் இரண்டு கட்டைகள் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தன. ஒரு முறைகூட விழுந்ததில்லை அவர்.

இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தாலோ, தலை சுவரைத் தொடாவிட்டாலோ, முதுகெலும்புக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நேராக எடுத்த படத்தில் இது சரியாகத் தெரியாது. டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை: நெஞ்சு எக்ஸ்ரே பக்கவாட்டில் எடுத்திருந்தால் நுரையீரலைப் பார்த்துவிட்டுக் கவரில் போட்டுவிடாதீர்கள், பின்னால் இருக்கும் முதுகெலும்பையும் ஒரு பார்வை பாருங்கள்.

மூட்டுத் தேய்மானம்தான் இதுவா?

இல்லை. முழங்கால் தேய்மானம் மூட்டின் குருத்தெலும்பில் வருவது, வலிக்கும், வீங்கும். எலும்பு மெலிவு எலும்புக்குள்ளே நடப்பது, உடையும் வரை வலிக்காது. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். முட்டிக்கு ஊசி போடுவதால் எலும்பு மெலிவு சரியாகாது.

யாருக்கெல்லாம் கவனம் வேண்டும்?

வயது கூடுவதும், ஏற்கெனவே ஒரு முறிவு இருப்பதும், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இடுப்பு உடைந்திருப்பதும், உடம்பு மிக ஒல்லியாக இருப்பதும், புகையும் குடியும் எல்லா ஊருக்கும் பொது. நம் பக்கத்தில் நான் தனியாகக் கேட்பவை சில உண்டு.

முதலில், கர்ப்பப்பை எடுத்த வயது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதே சராசரியாக 46, 47 வயதில். மேலைநாடுகளில் 51 வாக்கில். இதில் சினைப்பையையும் சேர்த்து முப்பதுகளிலேயே எடுத்துவிட்டால், எலும்புக்கு அன்றே மாதவிடாய் நின்ற கணக்குதான். "எல்லாம் எடுத்தாச்சு" என்று சொல்வார்கள். எது எது எடுத்தார்கள் என்று பழைய சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்புறம் பீடி. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம், வீரவநல்லூர் பக்கமெல்லாம் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை மடியில் தட்டை வைத்து, குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்குள்ளேயே பீடி சுற்றுகிறார்கள். உடம்புக்கு அசைவு இல்லை, தோலுக்கு வெயில் இல்லை, நாள் முழுக்கப் புகையிலைத் தூள். சாப்பாடும் பல நாள் சோறும் குழம்பும்தான். இவர்களுக்கு நாற்பதுகளிலேயே எலும்பைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.

மூன்றாவது, எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தருவது, ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கு மெடிக்கலில் "ஒரு செட் கொடுங்க" என்றால் மூன்று நான்கு மாத்திரைகளைத் தாளில் மடித்துத் தருகிறார்கள். அதில் டெக்ஸாமெத்தசோனோ பிரெட்னிசோலோனோ ஒன்று இருக்கும். வலி மந்திரம் போட்டது போல் நிற்கும், அதனால்தான் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். பேர் தெரியாத சில மூட்டுவலிப் பொடிகளிலும் இதைக் கலந்துவிடுகிறார்கள். பிரெட்னிசோலோன் தினம் 5 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு மேல் போனாலே எலும்பு பாதிக்கப்படும், அதுவும் முதல் சில மாதங்களிலேயே வேகமாக. ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், அது உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் காட்டி மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

டாக்டர்கள் மருந்துச் சீட்டில் தேட வேண்டியது இன்னும் உண்டு: வலிப்புக்கான ஃபெனிடாயின், அளவு கூடிப்போன தைராய்டு மாத்திரை தைராக்ஸின், வருடக்கணக்கில் ஓடும் வயிற்றுப்புண் மாத்திரை பேண்டப்ரசோல், பெண்களுக்குச் சர்க்கரைக்காக எழுதும் பயோகிளிட்டசோன், மார்பகப் புற்றுநோய்க்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் தரும் ஹார்மோன் தடுப்பு மருந்துகள். சர்க்கரை நோயாளிக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாக இருப்பதாகக் காட்டினாலும் எலும்பு உடையும் வாய்ப்பு கூடுதல்தான்.

ஆண்களுக்கு வராதா?

வரும். 50 வயதுக்கு மேல் உலகளவில் பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் இப்படிப்பட்ட முறிவு வருகிறது. இடுப்பு உடைந்தபின் இறப்பது ஆண்களில்தான் அதிகம்.

திருநெல்வேலியில் வெயிலுக்கா பஞ்சம்? எங்களுக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?

வெயில் ஊரில் இருக்கிறது, தோலில் படுவதில்லை. வயலில் நிற்பவர்களுக்குப் பரவாயில்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள், உடல் முழுக்க மூடிக்கொண்டு வெளியே போகிறவர்கள், கறுத்த தோல் உள்ளவர்கள் எல்லோருக்கும் குறையலாம். காலை 6 மணி இளவெயில் உடம்புக்கு இதம், ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அதில் மிகக் குறைவு. 10, 11 மணிக்கு மேல், கையும் முகமும் படும்படி கொஞ்ச நேரம் நின்றால் போதும். கத்திரி வெயிலில் வயதானவர்களை நிறுத்த வேண்டாம்.

மருந்தாக எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என எட்டு வாரம் சாப்பிடச் சொல்வது வழக்கம். அதற்கப்புறம் மாதம் ஒன்றோ, தினசரி சிறு அளவோ. பலர் எட்டு வாரத்தை மறந்துவிட்டு வருடம் முழுக்க வாராவாரம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கிட்னி பாதிப்பு வரை போகும். 6 லட்சம் யூனிட் ஊசியை ஒரேயடியாகப் போடும் பழக்கமும் எனக்குச் சம்மதமில்லை. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடம் ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, விழுவதும் உடைவதும் அதிகமானதாக 2010ல் முடிவு வந்தது.

முகாமில் குதிகாலை ஒரு மெஷினில் வைத்துப் பார்த்து "எலும்பு வீக்" என்று சீட்டுக் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட வேண்டுமா?

அந்தச் சீட்டை மட்டும் வைத்துச் சாப்பிட வேண்டாம். அது ஒலி அலையால் குதிகாலைப் பார்க்கும் கருவி. அதைக் கொண்டு நோயை உறுதி செய்யவும் முடியாது, மருந்து வேலை செய்கிறதா என்று பின்தொடரவும் முடியாது. முகாமில் பார்த்ததை ஒரு நினைவூட்டலாக எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

உறுதி செய்யும் பரிசோதனை டெக்ஸா ஸ்கேன். இடுப்பையும் கீழ்முதுகையும் பார்ப்பார்கள், படுத்திருந்தால் போதும், கதிர்வீச்சு மிகக் குறைவு. அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு. இது 1994ல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவே இருந்தால் அடர்த்தி குறைவு, அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்ததுமே பயப்பட வேண்டியதில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் அடர்த்தி குறைந்தது தெரிய வேண்டுமென்றால் 30 சதவீதம் போலக் கரைந்திருக்க வேண்டும். அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்பதை நம்பி விட்டுவிடக் கூடாது.

நான் இருப்பது கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். டெக்ஸாவுக்கு எங்கே போவேன்? (ஒரு இளம் டாக்டர்)

இல்லாமலேயே நிறையச் செய்யலாம். இடுப்பு அல்லது முதுகெலும்பு முறிந்தவருக்கு டெக்ஸா இல்லாததைக் காரணம் காட்டி மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். முறிவு இல்லாதவர்களுக்கு ஃபிராக்ஸ் என்ற கணக்கு இருக்கிறது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008ல் வெளிவந்தது, இணையத்தில் இலவசம். இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, 40 முதல் 90 வயது வரை உள்ளவருக்கு வயது, எடை, உயரம், ஆபத்துக் காரணங்களைப் பதிந்தால், அடுத்த பத்து வருடத்தில் முறிவு வரும் வாய்ப்பைச் சதவீதமாகச் சொல்லும். ஸ்கேன் எண் இல்லாமலும் வேலை செய்யும். அது கேட்காத இரண்டை நீங்கள் மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும்: பெரியவர்களுக்குப் பரவலாக வரும் டைப் 2 சர்க்கரை நோய், அடிக்கடி விழுவது.

டெக்ஸாவுக்கு அனுப்ப வசதி இருந்தால், நடுத்தர ஆபத்தில் இருப்பவர்களை அனுப்புங்கள். அவர்களுக்குத்தான் அந்த எண் முடிவை மாற்றும்.

மருந்து தொடங்குமுன் என்ன ரத்தப் பரிசோதனை?

ஹீமோகுளோபினும் இ.எஸ்.ஆரும் (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் எண்), கால்சியம், பாஸ்பரஸ், அல்புமின், அல்கலைன் பாஸ்பேட்டேஸ், கிரியேட்டினின், தைராய்டு. முடிந்தால் வைட்டமின் டி. இவ்வளவும் மாவட்டத்தில் கிடைப்பவைதான்.

இதில் இரண்டு இடங்களில் ஏமாந்துவிடாமல் இருக்க வேண்டும். முதுகு வலியோடு ரத்தசோகையும் இருந்து இ.எஸ்.ஆர் மிக அதிகமாக இருந்தால், மயலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அல்கலைன் பாஸ்பேட்டேஸ் கூடி, உடம்பெல்லாம் எலும்பு வலி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால், அது வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவாக இருக்கலாம். அதற்கு வைட்டமின் டியும் கால்சியமும்தான் மருந்து. அதைச் சரி செய்யாமல் எலும்பு மெலிவு ஊசியைப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

கால்சியம் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் போதாதா?

போதாது. அது வீட்டுச் சாப்பாட்டில் விட்டுப்போனதை நிரப்பும், உடையும் எலும்பைத் தடுத்து நிறுத்தாது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் உடம்பு அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உளுந்தங்களி சாப்பிட்டால் இடுப்பெலும்பு பலமாகும் என்பது உண்மையா?

பெண் பிள்ளை வயதுக்கு வந்ததும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். காரணம் புரதம். 100 கிராம் உளுந்தில் 23, 24 கிராம் புரதம் இருக்கிறது, எலும்பின் சட்டகமே புரதம்தான். வளரும் வயதில் சேர்த்த எலும்புதான் பின்னாளில் கைகொடுக்கும். ஆனால் கால்சியம் உளுந்தில் பெரிதாகக் கிடையாது. அது அதே இலையில் பக்கத்தில் இருக்கிறது. உளுந்தம்பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எள்ளுத் துவையலில். தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, ஆக ஒரு பெரிய கரண்டித் துவையலே நல்ல பங்கு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ல் சொன்ன கணக்குப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. ஒரு பெரிய தம்ளர் பாலோ தயிரோ சுமார் 240 தரும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 350 போல. முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லவை. நெத்திலிக் கருவாடும் கணக்கில் சேரும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை நினைத்து அளவாகச் சாப்பிட வேண்டும். ஒரு நாளில் மூன்று காப்பியில் விட்ட பாலை மட்டும் வைத்து "பால் சாப்பிடுறேன்" என்று சொல்பவர்களே அதிகம்.

வாரம் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எப்படிச் சாப்பிடுவது?

அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராமாக இருக்கும், அல்லது ரிசெட்ரோனேட் 35. எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகளில் முதலில் நான் எழுதுவது இதைத்தான். நல்ல மருந்து, சரியாகச் சாப்பிட்டால் மட்டும். ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கிய பெண்களில் அடுத்த முதுகெலும்பு முறிவையும் இடுப்பு முறிவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருக்கிறது.

காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், வெறும் வயிற்றில். ஒரு தம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும். அதற்கப்புறம் அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், முற்றம் தெளித்துக் கோலம் போடக்கூடக் குனிய வேண்டாம், படுக்கவே கூடாது. அந்த அரை மணி நேரத்தில் வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. காப்பியோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் ஏறாது. படுத்துவிட்டால் உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்தியவர்களிடம் எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தால், பலர் காப்பியோடு விழுங்கிவிட்டு மறுபடி கட்டிலில் சாய்ந்திருக்கிறார்கள்.

கிழமையை வீட்டோடு கட்டிவிடுங்கள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் வீட்டில் வெள்ளி, சர்ச்சுக்குப் போகும் வீட்டில் ஞாயிறு. ஒரு வாரம் மறந்தால் மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாரம் பழைய கிழமைக்கே வந்துவிடலாம். ஒரே நாளில் இரண்டு வேண்டாம். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள், கிட்னி வேலையைக் காட்டும் எண் (கிரியேட்டினின் கிளியரன்ஸ்) 35க்குக் கீழ் போனவர்களுக்கு இது சரிப்படாது.

இந்த மருந்தால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே?

அந்தப் பிரச்சினை நிஜம்தான். ஆனால் அதிகம் வருவது புற்றுநோய்க்காக இதே மருந்துகளைப் பெரிய அளவில், மாதாமாதம் பெறுகிறவர்களுக்கு. எலும்பு மெலிவு அளவில் மிக மிக அரிது. பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன் முடித்துவிடுங்கள். வெற்றிலை புகையிலை போட்டுப் பல் கெட்டவர்களை முதலில் பல் டாக்டரிடம் அனுப்புவது என் வழக்கம்.

இன்னொன்று, பல வருடம் சாப்பிட்டவர்களில் அரிதாகத் தொடை எலும்பு நடுவில் உடைவது. அதற்கு முன் சில வாரங்கள் தொடையிலோ கவட்டையிலோ மந்தமான வலி இருக்கும். அந்த வலி வந்தால் இரண்டு தொடைக்கும் எக்ஸ்ரே. இந்தப் பயத்தால்தான் ஐந்து வருடம் மாத்திரை, அல்லது மூன்று வருடம் ஊசி முடிந்ததும் ஆபத்து குறைந்தவர்களுக்கு இடைவெளி விடுகிறோம். இடுப்போ முதுகோ உடைந்தவர்களுக்கு மேலும் தொடர வேண்டியிருக்கும்.

ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமா?

மாத்திரை முடியாதவர்களுக்கு, கிட்னி சரியாக இருந்தால், வருடம் ஒரு முறை சோலெட்ரானிக் ஆசிட் 5 மில்லிகிராம், டிரிப்ஸில். முதல் முறை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். முன்னாலேயே வைட்டமின் டி சரியாக இருக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிட்னி சரியில்லாதவர்களுக்குக் கால்சியத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டு இதைப் போட முடியும், வேலையும் நன்றாகச் செய்யும். ஆனால் நடுவில் சும்மா நிறுத்தினால், கரையாமல் நின்ற எலும்பு ஒரேயடியாகக் கரைய ஆரம்பித்து, முதுகெலும்புகள் ஒன்றுக்கு மேல் நசுங்கலாம். அறுவடை, கல்யாணம், கையில் காசில்லை என்று தள்ளிப்போடும் ஊசி இல்லை இது. நிறுத்துவதாக இருந்தால் வேறு மருந்துக்கு மாற்றிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வாங்க முடியுமா என்று குடும்பத்திடம் வெளிப்படையாகக் கேட்காமல் யாரும் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கட்டுப்போடும் வைத்தியரிடம் போகலாமா?

இடுப்பு உடைந்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம். கால் வெளிப்பக்கம் திரும்பி, நீளம் குறைந்து, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தால், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை), பக்கத்தில் எலும்பு அறுவை செய்யும் மருத்துவமனைக்கோ உடனே 108ல் கொண்டுபோங்கள். 48 மணி நேரத்துக்குள் அறுவை நடப்பது நல்லது. எண்ணெய்க் கட்டோடு மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக் கட்டு எல்லாம் வரும். வயசாகிவிட்டது, ஆபரேஷன் தாங்காது என்று பயப்படுகிறார்கள். படுக்கையைத்தான் அந்த வயது தாங்காது. காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

விழாமல் இருக்க வீட்டில் என்ன செய்வது?

புறவாசல் கக்கூசுக்கு ராத்திரி போகும் வழியில் ஒரு விளக்கு. குளிக்கும் இடத்தில் பாசியைத் தேய்த்துக் கழுவி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பக்கத்தில் ஆள். தார்சாவில் சுருண்டு கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் இறங்கும் ஆச்சிகளின் கையை விடாதீர்கள்.

டாக்டர் பார்க்க வேண்டியது: எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை ஓடுகிறதா, கண்புரை முற்றியிருக்கிறதா. ஒவ்வொன்றும் ஆளைக் கீழே தள்ளும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது தினமும் பத்துத் தடவை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, நடப்பது, இவை போதும். முதுகெலும்பு நசுங்கியவர்கள் குனிந்து பாரம் தூக்க வேண்டாம்.

ஓ.பி.யில் கூட்டம் நிற்கிறது. இதற்கெல்லாம் எனக்கு ஏது நேரம்? (இன்னொரு டாக்டர்)

சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வரும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் கேளுங்கள்: பெரியவரான பிறகு விழுந்து எலும்பு உடைந்ததா, மூட்டு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்குகிறீர்களா, உயரம் குறைந்த மாதிரி இருக்கிறதா. உயரம் அளக்கும் வேலையை நர்ஸ் அக்காவிடம் கொடுத்து, வருடம் ஒரு முறை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்குப் போகும் இயன்முறை மருத்துவரிடம், கூன் விழுந்தவர்களையும் அடிக்கடி விழுகிறவர்களையும் கண்டால் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பார்க்கும் வீட்டை நீங்களும் நானும் பார்ப்பதில்லை.

எப்போது பெரிய டாக்டரிடம் அனுப்புவது?

50 வயதுக்குக் கீழ் காரணமில்லாமல் உடைந்தவர்கள், ஆண்களில் முதுகெலும்பு நசுங்கியவர்கள், கால்சியம் அதிகமாக இருப்பவர்கள், கிட்னி பாதித்தவர்கள், ஒரு வருடம் ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் மறுபடி உடைந்தவர்கள். இரண்டு மூன்று முதுகெலும்பு நசுங்கியவர்களுக்கு எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு ஊசி தேவைப்படலாம். இரண்டு வருடம் வரை தினமும் வீட்டிலேயே போட்டுக்கொள்வது, முடிந்ததும் கரைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடர வேண்டும். அனுப்பும்போது சீட்டில் "எலும்பு முறிவு" என்று மட்டும் எழுதாமல், "சாதாரணமாக விழுந்ததில் முறிந்தது, எலும்பு மெலிவு, மருந்து தொடங்க வேண்டும்" என்று முழுசாக எழுதுங்கள். திரும்பி வரும் சீட்டில் அந்த மருந்து இல்லையென்றால், நீங்களே தொடங்கிவிடுங்கள்.